வயலுக்குக் காப்பீடு உண்டு... வீட்டுக்கு?

கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால், டெல்டா விவசாயி முதலில் ஓடுவது வயலுக்குத்தான். வடிகால் இழுக்கிறதா, வரப்பு எங்கேயாவது அறுத்துக்கொண்டதா, நட்ட பயிரின் நுனியாவது தண்ணீருக்கு மேலே தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அவருக்கு மற்றதெல்லாம். கொல்லைப்புறம் வழியாகத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்திருக்கும். கட்டிலுக்குக் கீழே செருப்பு மிதக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சோறு போடும் நிலத்துக்கு முதல் இடம் என்பதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காப்பீட்டிலும் இதே வரிசைதான். சம்பா நடவு முடிந்ததும் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகலோடு கூட்டுறவுச் சங்கத்திலும் பொது சேவை மையத்திலும் கூட்டம் நிற்கிறது. கடைசித் தேதியை நீட்டிக்கச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் கோரிக்கை எழுகிறது. அதே விவசாயியிடம், "வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டால், "வீட்டுக்கா?" என்று திருப்பிக் கேட்பார்.

வயலை முழுக்கும் அதே தண்ணீர்தான் வீட்டையும் முழுக்குகிறது. ஆனால் வீட்டுக்கான காப்பீடு இருக்கிறது என்பதே தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் பலருக்குத் தெரியாது. கேள்விப்பட்டவர்களும் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கை பயிர்க் காப்பீட்டில் பட்ட அனுபவத்திலிருந்து வந்தது. ஆகவே வீட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் வயலைத் தொட்டுவிட்டுத்தான் வர முடியும்.

மூன்று பக்கமும் தண்ணீர்

டெல்டாவுக்கு வெள்ளம் ஒரே வழியாக வருவதில்லை. மேற்கே மேட்டூர் நிரம்பி உபரிநீர் திறந்தால் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்குகிறது. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு சுமார் 2 லட்சம் கன அடி திறந்தபோது, கொள்ளிடம் கடலோடு சேரும் இடத்துக்கு அருகே உள்ள நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் போன்ற ஆற்றோரத் திட்டு கிராமங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. மக்கள் கரைக்கு வந்து முகாம்களில் தங்கினார்கள். அந்தத் தண்ணீர் அங்கே பெய்த மழை அல்ல. பெரும்பாலும் கர்நாடகத்து மலைகளில் பெய்தது.

இரண்டாவது, வானத்திலிருந்து நேராக விழுவது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை கொட்டியது. 2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரு நாள் மழை 44 செ.மீ. சமதளத்தில் இவ்வளவு விழுந்தால் அது போவதற்கு இடமே கிடையாது. வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறும் தாங்களே கரை தளும்பி ஓடும்போது வடிகால் வாய்க்கால் எதில் போய் வடியும்? கடைமடையில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் தண்ணீர் பின்னோக்கித் தள்ளும்.

மூன்றாவது கடலோரப் புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜாவைப் பற்றிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே அன்று தண்ணீரைவிடக் காற்றுதான் அதிகம் அழித்தது. தென்னை விழுந்தது. பல இடங்களில் அந்தத் தென்னை வீட்டின் மேல்தான் விழுந்தது.

நிவாரணம் எவ்வளவு?

"அரசாங்கம் ஏதாவது குடுக்கும்ல?" என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. அரசு கொடுக்கவும் செய்கிறது. எவ்வளவு என்பதுதான் விஷயம்.

மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து தருவதற்காக 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த அளவுகள் இவை. சமவெளிப் பகுதியில் ஒரு வீடு முழுவதுமாக அழிந்தால் 1,20,000 ரூபாய். உறுதியான வீடு பகுதி சேதம் என்றால் 6,500. உறுதியற்ற கட்டுமானம் என்றால் 4,000. குடிசைக்கு 8,000, தமிழக அரசு 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்கு இதை 10,000 ஆகக் கொடுத்தது. வீடு இடிந்தோ, ஒரு சில நாட்களுக்கு மேல் நீரில் மூழ்கியோ கிடந்த குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் 2022 மழைக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் வழங்கப்பட்டது.

இவை எதையும் இழிவாகச் சொல்லவில்லை. முகாமிலிருந்து திரும்பிய வாரத்தில் அந்த ஆயிரம் ரூபாயின் அருமை அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் நிவாரணம் என்பது உடனடிப் பசிக்கும் குளிருக்குமானது. போனதை மீட்டுத் தருவது அதன் நோக்கமே அல்ல. பிரிட்ஜ், கிரைண்டர், மெத்தை, பீரோவின் அடித்தட்டில் இருந்த பட்டுப்புடவை, மின் இணைப்பு, இரண்டடி உயரத்துக்கு ஊறி உதிரும் சுவர்ப்பூச்சு — இவற்றுக்கும் அந்த 6,500-க்கும் இடையே உள்ள இடைவெளியை இதுவரை டெல்டாக் குடும்பங்கள் நிரப்பிவந்த வழி நகைக்கடன்தான். கூட்டுறவு வங்கி வாசலில் தை மாதம் நிற்கும் கூட்டத்தில் வயலுக்காக வந்தவர் எத்தனை, வீட்டுக்காக வந்தவர் எத்தனை என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

"பக்கத்து ஊருக்கு வந்துச்சு, எங்க ஊருக்கு வரல"

டெல்டாவில் எந்த டீக்கடையில் காப்பீடு என்று பேச்செடுத்தாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. திட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. தனி ஒருவருடைய வயல் இதில் கணக்கில் வருவதில்லை. வருவாய் கிராமம்தான் கணக்கு. கிராமத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வயல்களில், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். அதிலிருந்து அந்த ஊரின் சராசரி மகசூல் கிடைக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட சதவீதத்தை 'உத்தரவாத மகசூல்' என்று வைத்திருப்பார்கள். ஒரு பேச்சுக்கு, உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த ஆண்டு கிடைத்தது 1,600 கிலோ என்றால் குறைவு 20 சதவீதம். ஊரில் பதிவு செய்த எல்லோருக்கும் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் கிடைக்கும்.

இப்போது அந்த ஊரின் பள்ளக்காட்டில் நிலம் வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் வயலில் பத்து நாள் தண்ணீர் நின்று பயிர் அழுகிவிட்டது. மேட்டு வயல்கள் நன்றாக விளைந்தன. ஊர்ச் சராசரி உத்தரவாதத்தைத் தாண்டிவிட்டது. பள்ளக்காட்டுக்காரருக்கு ஒரு ரூபாய்கூட வராது. வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருக்கும் அடுத்த கிராமத்துக்கு வரும். இதை யாராவது அவருக்கு முதலிலேயே உட்கார்ந்து விளக்கியிருந்தால் கோபம் இவ்வளவு இருக்காது. யாரும் விளக்கவில்லை என்பதுதான் பெரும்பாலான ஊர்களின் கதை.

திட்டத்துக்குள்ளேயே தனி வயலைப் பார்க்கும் வழியும் இருக்கிறது. 'குறிப்பிட்ட இடத்து இயற்கை இடர்' என்ற பிரிவில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, நீர் சூழ்தல் ஆகியவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் உங்கள் வயலையே வந்து பார்த்து மதிப்பிட வேண்டும். இந்த நீர் சூழ்தல் பட்டியலிலிருந்து நெல்லை 2018-இல் எடுத்துவிட்டார்கள். மூழ்கிக் கிடக்கும் நெல்லை மதிப்பிடுவது சிரமம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. காவிரி டெல்டாவுக்கு இதைவிடப் பெரிய அடி வேறு இருந்திருக்க முடியாது. எந்தப் பேரிடருக்காக இங்கே காப்பீடு வேண்டுமோ, அதுவே தனி வயல் மதிப்பீட்டில் இல்லாமல் போனது. விவசாய சங்கங்கள் தொடர்ந்து கேட்டுவந்தன. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், 2026 காரீஃப் பருவம் முதல் நெல் மூழ்குவதை மறுபடி இந்தப் பிரிவில் சேர்ப்பதாக அறிவித்தது. அறுத்துக் களத்தில் போட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயல் மழையில் நனைந்தால் தனியே மதிப்பிடும் பிரிவும் உண்டு. இந்த இரண்டுக்கும் 72 மணி நேரக் கெடு பொருந்தும். தண்ணீர் வடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் மூன்று நாள் போய்விடும்.

வீட்டுக் காப்பீட்டுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேதான். வீட்டுக்குக் கிராமச் சராசரி கிடையாது. உங்கள் தெருவில் உங்கள் வீடு ஒன்றில் மட்டும் தண்ணீர் புகுந்தாலும் உங்களுக்கு உண்டு. ஊரே மூழ்கி உங்கள் வீடு தப்பித்தால் உங்களுக்கு இல்லை. பயிர்க் காப்பீட்டில் ஏமாந்ததாக நினைப்பவர் "இதுவும் அதே மாதிரிதானே" என்று ஒதுக்குவது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் உண்மையில் இரண்டும் வெவ்வேறு ஒப்பந்தங்கள்.

தீ என்ற பெயரில் வெள்ளம்

இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போய் 'வெள்ளக் காப்பீடு' என்று கேட்டால் அந்தப் பெயரில் எதையும் எடுத்துக் காட்ட மாட்டார்கள். இந்தியாவில் வீட்டுக்கான வெள்ளக் காப்பீடு, தீ விபத்துக் காப்பீட்டுப் பிரிவுக்குள் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஒரே வாசகத்தில் ஒரு வீட்டுப் பாலிசியைக் கட்டாயமாக்கியது. அதன் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா'. தஞ்சாவூரில் எந்த நிறுவனத்தின் கிளைக்குப் போனாலும் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நீர் சூழ்தல், நிலம் உள்வாங்குதல், கலவரம், மரமோ வாகனமோ மோதுவது எல்லாம் இதன் அடிப்படைப் பாதுகாப்பில் அடக்கம். டெல்டாவில் அதிகம் பயன்படக்கூடிய ஒரு விதி பலர் கண்ணில் படுவதில்லை: இப்படி ஒரு பேரிடர் நடந்த ஏழு நாட்களுக்குள், அதன் விளைவாக வீட்டில் திருட்டுப் போனால் அதற்கும் உண்டு. வீட்டைப் போட்டுவிட்டு முகாமுக்குப் போகத் தயங்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! பித்தளை அண்டா போய்விடும் என்ற பயத்தில் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? மனையின் விலையை இதில் சேர்க்கக் கூடாது. வெள்ளம் மனையைக் கொண்டுபோவதில்லை. கட்டடத்தின் உள்பரப்பை, இன்று அதே போலக் கட்ட ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 18 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு இதில் 20 சதவீதம், அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம், பட்டியல் எதுவும் கொடுக்காமலே சேர்ந்துவிடும். இப்படித் தானாகச் சேர்வதற்கு உச்சவரம்பு 10 லட்சம். அதற்கு மேல் வேண்டுமானால் பட்டியல் கொடுக்க வேண்டும். நகை, வெள்ளிச் சாமான் போன்றவற்றைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பழைய முறையில் ஒரு கொடுமை இருந்தது. 20 லட்சம் பெறும் வீட்டை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 2 லட்சம் நஷ்டம் வந்தாலும் ஒரு லட்சம்தான் தருவார்கள். புதிய பாலிசியில் இந்த வெட்டு இல்லை. உள்பரப்பை மட்டும் உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும். ஒரே தடவையில் பத்து ஆண்டுகள் வரைக்கும் எடுக்கலாம். ஆண்டுதோறும் காப்பீட்டுத் தொகை தானாகவே 10 சதவீதம் உயரும்.

பிரீமியம்தான் பலரை ஆச்சரியப்படுத்தும். இடத்தையும் நிறுவனத்தையும் பொறுத்து மாறும் என்றாலும், 10 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஆண்டுக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். இருசக்கர வாகனத்துக்குக் கட்டுவதைவிடக் குறைவு. வண்டிக்குச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, வீட்டுக்கு யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வண்டிக்கு எடுப்பவர் வீட்டுக்கு எடுக்காததற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் "எங்களுக்கு வங்கியே எடுத்திருக்கிறது" என்பார்கள். அந்தப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல நேரங்களில் அது கட்டடத்துக்கு மட்டும், கடன் தொகை அளவுக்கு மட்டும் எடுத்ததாக இருக்கும். கடன் முடிந்ததும் அதுவும் முடிந்திருக்கும்.

எது கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓதம் ஏறிய சுவர், பராமரிக்காத ஓட்டுக்கூரையின் ஒழுகல், வயதாகித் தளர்ந்த விட்டம் இவற்றையெல்லாம் வெள்ளத்தின் கணக்கில் எழுத முடியாது. டெல்டாவின் பழைய சுற்றுக்கட்டு வீடுகளில் சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும். வெள்ளத்தால் சுவர் சாய்ந்ததா, ஏற்கெனவே சாயத் தொடங்கிய சுவரா என்று கேட்பார்கள். பாலிசி எடுக்கும் அன்றே வீட்டை நாலு பக்கமும் உள்ளேயும் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வது அந்தச் சண்டைக்குப் பாதி பதில். காருக்கும் பைக்குக்கும் இதில் இடம் இல்லை. அவற்றுக்கு முழுமையான வாகனப் பாலிசி இருந்தால்தான் வெள்ளச் சேதம் கிடைக்கும். மாட்டுக்குக் கால்நடைக் காப்பீடு வேறு.

சொந்தச் சுவர் இல்லாதவர்கள்

கும்பகோணத்திலும் தஞ்சையிலும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வெள்ளத்தைக் கண்டு வீட்டுக்காரரைவிட அதிகம் பயப்பட வேண்டியவர்கள். சுவர் வீட்டுக்காரருடையது. அதற்குள் இருக்கும் அத்தனையும் குடியிருப்பவருடையது. வீட்டுக்காரர் எடுத்திருக்கும் பாலிசி குடித்தனக்காரரின் பீரோவுக்கு ஒருபோதும் பணம் தராது. "ஓனர் இன்சூரன்ஸ் வெச்சிருக்கார்" என்ற ஆறுதலில் அர்த்தம் இல்லை.

அவர்களுக்கான வழி எளிது. அதே பாலிசியைக் கட்டடம் இல்லாமல், சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். வாடகை ஒப்பந்தப் பத்திரமும் சாமான்களின் மதிப்பும் போதும். வெள்ளத்துக்குப் பிறகு வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால், மாற்று இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வாடகைக்கும் இந்தத் திட்டத்தின் வாசகத்தில் இடம் இருக்கிறது. உங்கள் பாலிசியின் அட்டவணையில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதிக்கு இதற்கு ஆகும் செலவு ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய் வருவதைவிட அதிகம் இருக்காது.

வாடகை என்றால் பத்திரமாவது இருக்கும். டெல்டாவில் அதைவிடச் சிக்கலான இரண்டு உறவுகள் உண்டு. ஒன்று கோயில் அடிமனை. மனை கோயிலுடையது அல்லது மடத்துடையது. அதன் மேல் பாட்டன் கட்டிய வீடு பேரனுடையது. காப்பீடு கட்டடத்துக்குத்தான், மனைக்கு அல்ல. அதனால் அடிமனைக்காரர் தகுதியே இல்லாதவர் என்று தானாகவே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு, கோயிலுக்குச் செலுத்திய பகுதிப் பண ரசீது எல்லாவற்றையும் காட்டி, மனை கோயிலுடையது என்பதை விண்ணப்பத்திலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மறைத்து எடுத்த பாலிசி இழப்பீடு கேட்கும் நாளில் கைவிட்டுவிடும்.

மற்றொன்று வாய்மொழிக் குத்தகை. பயிர்க் காப்பீட்டு விதிகளில் குத்தகைதாரருக்கும் பங்கு விவசாயிக்கும் இடம் இருக்கிறது. ஆனால் இன்னார்தான் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். நில உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். எழுதிக் கொடுத்தால் பிறகு குத்தகைக்காரர் உரிமை கொண்டாடுவாரோ என்று அவருக்குத் தயக்கம். விதைத்தவர் ஒருவர், பட்டா வேறொருவர் பெயரில். வயல் மூழ்கினால் நஷ்டம் விதைத்தவருக்கு. நிவாரணமோ காப்பீடோ வந்தால் அது போகும் கணக்கு பட்டாதாரருடையது. இழந்தவரும் பெறுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் ஒரு முறையை நியாயம் என்று சொல்ல முடியாது. பட்டாதாரராக இருப்பவர்கள் இதைப் படித்தால், சான்றுக்கு ஒப்புதல் தருவதில் தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்.

தறிக்குழியில் ஊறும் தண்ணீர்

திருபுவனத்தில் பட்டு நெய்யும் வீடுகளில் தறி தரையில் தோண்டிய குழிக்குள் இருக்கிறது. நெசவாளி அந்தக் குழிக்குள் காலை விட்டு மிதிப்பலகையை மிதிக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் தெருவுக்கு வர வேண்டும் என்றுகூட இல்லை. நிலத்தடி நீர் மேலேறினாலே குழியில் தண்ணீர் ஊறும். பாவு ஈரம் இழுக்கும். ஏறிய பட்டும் ஜரிகையும் பாழாகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஒரு சேலையின் உற்பத்தி இப்படி மழைக்காலத்தில் நின்று போவது குழித்தறி வீடுகளின் ஆண்டு வாடிக்கை.

இந்த நெசவாளி வீட்டுக்குப் பாலிசி எடுத்தால் கட்டில், மெத்தை, டிவிக்குக் கிடைக்கும். தறிக்குக் கிடைக்குமா? தொழிலுக்கான கருவியும் சரக்கும் வீட்டுச் சாமான் கணக்கில் வராது. வீட்டுக்குள்ளேயே தொழில் நடக்கும் இடம் டெல்டாவில் திருபுவனம் மட்டும் இல்லை. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள், தஞ்சையில் வீணைக்குப் பலாமரம் குடைகிறார்கள், தலையாட்டி பொம்மை காய வைக்கிறார்கள். இவர்களுக்காகவே அதே 2021-இல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசியும் வந்தது. 5 கோடி ரூபாய் வரையிலான சிறுதொழில் சொத்துகளுக்கானது. இதிலும் வெள்ளம் அடக்கம். கூட்டுறவு நெசவாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் தறிகளை மொத்தமாகச் சேர்த்து நிறுவனங்களிடம் பேரம் பேசினால், தனித்தனியாகப் போவதைவிட நல்ல வாசகம் வாங்க முடியும். குறிப்பாக, குழியில் ஊறும் நீர் 'நீர் சூழ்தல்' கணக்கில் வருமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நஷ்டம் நடந்த பிறகு அந்தக் கேள்விக்கு நெசவாளிக்குச் சாதகமான பதில் கிடைப்பது கடினம்.

தண்ணீர் வடிந்த மறுநாள்

வீடு திரும்பியதும் முதலில் தோன்றுவது கழுவிவிடத்தான். சேறு நாறும். ஊறிய மெத்தையைத் தெருவில் எறிந்துவிடத் தோன்றும். பாலிசி இருந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி படம் எடுங்கள். ஒவ்வோர் அறையையும் ஓடவிட்டு வீடியோ எடுங்கள். நிறுவனத்துக்குத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ உடனே சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். கோரிக்கைப் படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பெரிய தொகை என்றால் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் வருவார். அவர் பார்க்கும்வரை கெட்டுப்போன சாமான்களை மாடியிலோ திண்ணையிலோ ஒதுக்கி வையுங்கள். பிரிட்ஜை, மோட்டாரைப் போட்டுப் பார்க்க வேண்டாம். காரில் சாவியைத் திருகவே வேண்டாம்; நீர் புகுந்த என்ஜினை இயக்கிக் கெடுத்தால் அந்தச் சேதத்தை மறுக்க நிறுவனத்துக்கு வாய்ப்பு கிடைத்துவிடும்.

பாலிசியே வெள்ளத்தில் போய்விட்டால்? அதன் எண் இருந்தால் போதும். நகலை மகன், மகள் செல்போனுக்கு இப்போதே அனுப்பி வையுங்கள்.

மறுத்துவிட்டார்கள் அல்லது அநியாயத்துக்குக் குறைத்துவிட்டார்கள் என்றால் அங்கேயே மனம் தளர வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். தமிழ்நாடு முழுவதும் அதன் எல்லை. காரைக்காலும் அதில் அடக்கம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

வெளியே எப்படி?

அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் சேராது. தனியார் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டதால் 1968-இல் அரசே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. பொதுவாக, பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் அது உயிர் பெறும். புயல் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்க முடியாது. பிரிட்டனில் 2016 முதல் நிறுவனங்கள் எல்லாம் ஒரு பொது நிதிக்குப் பணம் போட்டு, ஆற்றோர வீடுகளின் பிரீமியம் எட்டாத உயரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்கின்றன. அதில் 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீடுகளைச் சேர்ப்பதில்லை. வெள்ளப்படுகையில் புதிதாகக் கட்ட ஆசை காட்டக் கூடாது என்பது நோக்கம்.

தஞ்சையையும் கும்பகோணத்தையும் சுற்றி வயலைத் தூர்த்து மனை போடும் வேகத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பிரிட்டிஷ் நிபந்தனையின் அருமை புரியும். வாய்க்காலை அடைத்துப் போட்ட நகரில் வீடு வாங்கியவருக்குப் பாலிசி பணம் தரலாம். தெருவில் தேங்கும் நீருக்கு அதனால் வழி பிறக்காது. தூர்வாரும் வேலைக்கும் வடிகால் மீட்புக்கும் காப்பீடு ஒருநாளும் மாற்றாகாது.

நம் நாட்டில் வெள்ளம் அடிப்படைப் பாலிசிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எடுப்பவர்தான் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தில் மொத்த இழப்பு 200 கோடி டாலருக்கு மேல் என்றும், அதில் காப்பீடு இருந்தது ஏறக்குறைய 75 கோடி டாலருக்கு என்றும் சுவிஸ் ரீ நிறுவனம் கணக்கிட்டது. அந்தப் பங்கிலும் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களுமே பெரும்பகுதி. தலைநகரத்திலேயே வீடுகளின் நிலை அதுவென்றால், வலங்கைமானிலும் கோட்டூரிலும் தலைஞாயிறிலும் என்ன இருக்கும்?

இதைத் தனிமனிதர் பொறுப்பு என்று மட்டும் விட்டுவிட முடியாது. குடிசைகளுக்குப் பதிலாகக் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் தமிழக அரசு 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் தருகிறது. டெல்டாவிலும் அவை எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு குடும்பம் வாழ்நாளில் பெறும் மிகப் பெரிய சொத்து அது. சாவியைக் கொடுக்கும் நாளில் அதோடு பத்தாண்டு வீட்டுப் பாலிசியையும் குடும்பத்தலைவி பெயரில் கொடுக்க அரசால் முடியும். லட்சக்கணக்கான வீடுகளுக்கு மொத்தமாகப் பேசினால் பிரீமியம் இன்னும் இறங்கும். நெல்லுக்குப் பிரீமியத்தின் பெரும்பங்கை அரசுகள் கட்டும் ஊரில் இது புதுமையும் அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் சம்பாவுக்குப் பதிவு செய்யும் அதே மேசையில், அதே நவம்பர் கெடுவுக்குள், வீட்டுக்கும் குடித்தனக்காரரின் சாமானுக்கும் ஒரு படிவம் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதை வைக்கச் சொல்லி இந்தப் பருவத்திலேயே சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாம்.